இறங்காத சர்க்கரை

மார்ச் 4
இன்றும் சாப்பாட்டுக்கு முன்னாலேயே சர்க்கரை 240. நாள் முழுக்கப் பள்ளிச் சீருடை தைக்கிறவள் நான், ஊசிக்குப் பயந்தவள் இல்லை. ஆனால் வயிற்றில் குத்த இனி இடமில்லை. டாக்டரம்மா இன்சுலின் அளவை மறுபடி கூட்டிவிட்டு, “உண்மையைச் சொல்லும்மா, மறைச்சு இனிப்பு சாப்பிடறியா?” என்றார். போன தடவை ஏழாம் மாதத்தில் குழந்தையின் துடிப்பு நின்றுபோனதே, அது போதாதா எனக்கு? இதற்கும் இப்போது ஏழாம் மாதம்.

மார்ச் 6
அத்தை சர்க்கரை டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். “வாயைக் கட்டினாத்தான் வயித்தைக் காப்பாத்த முடியும்” என்று தன் மகனிடம் சொல்கிறார், என் காதில் விழட்டும் என்றே. ஆனால் சாப்பிடும் நேரத்துக்கு முன்னாலேயே என் இன்சுலின் பேனாவை மறக்காமல் எடுத்து மேசைமேல் வைப்பதும் இதே மாமியார்தான். திட்டவும் மனசு வரவில்லை.

மார்ச் 9
310.

மார்ச் 10
வீட்டுக்காரரும் கேட்டுவிட்டார். “தையக்கடையில டீ கீ குடிக்கிறியா?” கட்டினவனே நம்பலைன்னா நான் யார்கிட்ட போய் அழ? பச்சைத் தண்ணி குடிக்கக்கூட பயமா இருக்கு. காலையிலிருந்து அசைவே இல்லை. அசைஞ்சு காட்டேன் கண்ணு, ஒரே ஒரு உதை —
சாயங்காலம் லேசாகப் புரண்டது. உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 11
காலர் வைக்கும்போது மெஷின் ஊசி விரலில் இறங்கிவிட்டது. நினைப்பெல்லாம் வயிற்றிலேயே. முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தால் — ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் என் பேனா. கல்லாக உறைந்து.
“ஃப்ரிட்ஜ் கதவுலதானே அத்தை வெச்சேன்?”
“அங்க அவ்வளவா ஜில்லுன்னு இல்லையேம்மா. மருந்து கெட்டுடக் கூடாதேன்னு நான்தான் தினமும் மேல வைக்கிறேன். நீ சாப்பிடறதுக்குள்ள இளகிடும்.”
ஆஸ்பத்திரி நர்ஸுக்கு போன் போட்டேன். “உறைஞ்சா அது செத்த மருந்து. தூக்கிப் போட்டுட்டு உடனே கிளம்பி வா” என்றாள்.
அப்போ இத்தனை நாளும் குத்திக்கிட்டது வெறும் தண்ணியா? பாவி மனுஷி! என்று வாய்வரை வந்துவிட்டது. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “என் கையாலயே...”

மார்ச் 15
இன்னும் ஆஸ்பத்திரியில்தான். புது மருந்து. கூட்டிய அளவையெல்லாம் டாக்டரம்மா குறைத்துவிட்டார். இனிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. துடிப்பு நன்றாக இருக்கிறதாம்.

மார்ச் 22
92.
வீட்டில் சர்க்கரை டப்பா பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அத்தை அன்றிலிருந்து ஃப்ரிட்ஜைத் தொடுவதே இல்லை. இன்று காலை பால் எடுக்க வேண்டும் என்று அதன் முன்னால் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார். எனக்கு இன்னும் கோபம் முழுதாகப் போகவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு உதை. நல்ல உதை.
“நீங்களே திறங்க அத்தை” என்றேன். “அப்படியே என் பேனாவையும் எடுத்துக் குடுங்க. கதவுலதான் இருக்கு.”