முதலில் ஆட்டம், பிறகு பிரியாணி

ஜூன் 5, வியாழன்

பேகம்பூருக்குக் குடி வந்தாயிற்று. மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டும். கீழே வீட்டுக்கார அம்மா சைதூன் அக்காவின் பிரியாணிக் கடை. காலை பத்து மணிக்கே வாசனை படியேறி வந்துவிடுகிறது. அவலை நனைத்து வைத்துவிட்டு அந்த வாசனையில் உட்கார்ந்து சாப்பிடுவது பெரிய சோதனை.

தொப்பம்பட்டிப் பக்கம் விளையாட்டு ஆசிரியை வேலையை விட்டுவிட்டு ஆண்கள் கால்பந்து அணிக்கு கோச்சாக வந்திருக்கிறேன். அணியின் பெயர் மலையடி எஃப்.சி. போன வருடம் மாவட்ட லீக்கில் கடைசிக்கு முந்தின இடம். செயலாளர் ஸ்டான்லி சார் கிளப் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "இந்த சீசன் கீழ் டிவிஷனுக்கு இறங்குனோம்னா நீங்களும் கெளம்ப வேண்டியதுதான் புவனா மேடம். கமிட்டியில அப்படித்தான் பேச்சு." சொல்லிவிட்டு டீயும் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான்.

சாயங்காலம் சைதூன் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "புட்பால் சொல்லிக் குடுக்க வந்த புள்ள நீதானா? ஞாயித்துக்கெழம மதியம் எம் பிள்ளைகளுக்கெல்லாம் இங்கதான் சோறு. நீயும் வந்துரு."

எம் பிள்ளைகள் என்றது என் அணியை. எனக்கு முன்பே அவர்களுக்கு ஒரு சொந்தக்காரி இருக்கிறார்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் ஆட்டம், நத்தம் அணியுடன். 1–3.

மதியம் அண்டா திறந்ததும் பதினெட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆட்ட நாள் என்றால் இது வழக்கமாம். ரசிகர்கள் அரிசியும் கறியும் வாங்கிக் கொடுப்பார்கள், அக்கா சமைப்பார். நானும் சாப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது, இரண்டாம் முறையும் வாங்கினேன். சீரகச் சம்பா அப்படி.

முதல் பாதியில் 1–0 என்று முன்னால் இருந்தோம். இடைவேளைக்குப் பிறகு கால்களே இல்லை. ஒருவன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான், இன்னொருவன் ஏப்பம் விடுகிறான். படிக்கட்டு கேலரியில் ஒச்சப்பன் என்று ஒருவர். பூ மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவராம். அந்தக் குரலுக்கு மைக் எதற்கு? நான் விளையாட்டுக்காரர்களை "ஓடுங்க, திரும்புங்க" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு, என் கொங்குப் பேச்சிலேயே அவர் ஆரம்பித்தார்: "ஏனுங்க மேடம், பந்த நீங்க வச்சுக்கிறீங்களா, இல்ல அவுங்களுக்கே குடுத்துரலாங்களா?"

கேலரியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 9, திங்கள்

கேப்டன் பிரிட்டோவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன்தான் கோல்கீப்பர், வாங்கின கோல் அவனுக்குத்தானே நினைவிருக்கும். போன வருடம் வாங்கினதில் எத்தனை இடைவேளைக்குப் பிறகு?

"எல்லாமே அப்பத்தான் மேடம். நமக்கு செகண்ட் ஆப் ராசியில்ல."

ராசியா! வயிறு முட்டப் பிரியாணி தின்றுவிட்டு வெயிலில் ஓடினால் எந்த ராசிக்காரனாலும் முடியாது.

ஜூன் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். ஆட்டத்துக்கு முன்னால் பிரியாணி கிடையாது. அவல், வாழைப்பழம், தண்ணீர். அவ்வளவுதான்.

பயிற்சி முடிவதற்குள் செய்தி பூ மார்க்கெட் போய்த் திரும்பி வந்துவிட்டது. ஒச்சப்பன் வேலியோரம் நின்று கத்தினார்: "பொம்பள கோச்சு வந்தா என்ன செய்யும்னு பாத்தா, வந்த மறுவாரமே அடுப்படியில கைய வைக்குதப்பு!"

கடை வாசலில் நான் நுழைந்தபோது சைதூன் அக்கா கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

குழாயில் தண்ணீர் இல்லை. "மோட்டார் போட மறந்துட்டேன்" என்றார் அக்கா. மூன்று குடம் கீழிருந்து தூக்கினேன்.

ஜூன் 14, சனி

இன்றும் மறந்துவிட்டாராம்.

ஜூன் 15, ஞாயிறு

நிலக்கோட்டையிடம் 0–2. இரண்டும் இடைவேளைக்குப் பிறகு.

எனக்குப் புரியவே இல்லை. அவல்தானே சாப்பிட்டார்கள்? ஆட்டம் முடிந்து பையை அடுக்கும்போது பிரிட்டோவின் கையுறையை எடுத்தேன். பட்டை, கிராம்பு, ஏலக்காய், நெய் வாசனை. எலும்பு ஒன்றுதான் குறை.

"பிரிட்டோ, என்னங்க இது?"

"மேடம்... அது வந்து... அக்கா எங்க வீட்டுக்குத் தூக்குவாளியில குடுத்து விட்டாங்க. எல்லாரும் எங்க வீட்லதான்... வேணாம்னு எப்படி மேடம் சொல்றது?"

அவல் கிண்ணத்தை என் முன்னால் காலி செய்தவர்கள் அதற்கு முன்பே ஒரு பந்தி முடித்திருக்கிறார்கள்! ரெண்டையும் தின்னுட்டு ஓடச் சொன்னா எங்கிருந்து ஓடுவாங்க? என்னன்னு நெனச்சுட்டாங்க என்னைய? நான் என்ன பைத்தியமா? கேலரி பூராவும் என்னையப் பாத்துச் சிரிக்குது, டீமும் என்னைய ஏமாத்துது. பேசாம ஊருக்கே போயிரலாமா? போயி என்னத்தச் சொல்றது — பிரியாணிகிட்ட தோத்துட்டேன்னா?

போக மாட்டேன். நாளைக்கு அக்காவிடமே கேட்டுவிடுவது.

ஜூன் 16, திங்கள்

கடை மூடும் நேரம் பார்த்துப் போய் உட்கார்ந்தேன். சண்டைக்குத்தான் போனேன். நான் ஒரு வார்த்தைதான் பேசினேன்: "ஏனுங்க அக்கா, ஆட்டத்துக்கு முன்னாலதான் போடணும்னு என்ன கட்டாயம்? முடிஞ்சப்புறம் போட்டா ஆகாதுங்களா?"

அக்கா வெங்காயக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"முன்னாடி அப்படித்தான் தாயி போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு வருசம் ஃபைனல் ஆடுச்சுக. தோத்துருச்சுக. அம்புட்டு சோறும் ஆக்கி வச்சிட்டு உக்காந்திருக்கேன், ஒருத்தன் வரல. தோத்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எவன் வருவான்? அண்டா மூடி தெறக்காமயே கெடந்துச்சு. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், முதல்ல சாப்பிடட்டும், அப்பறம் என்னமோ ஆடட்டும்னு."

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஜெயிப்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் அல்ல, தோற்றாலும் பட்டினி கிடக்கக் கூடாது என்றுதான் அந்த அண்டா முன்னால் வந்திருக்கிறது. நான்தான் விசாரிக்காமல் மூடிவிட்டேன்.

"தோத்தாலும் வந்து உக்காருவாங்க அக்கா. நான் பொறுப்புங்க."

"வரலேன்னா?"

"நான் வருவேனுங்க."

அக்கா வெங்காயக் கூடையை மறுபடி இழுத்துக்கொண்டார். "அப்ப முதல் எலை உனக்குத்தான். தோத்தா, எல்லாரும் பாக்க உக்காந்து திங்கணும். முடியுமா?"

முடியும் என்றேன். சொல்லும்போது சுலபமாக இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பழனி அணியிடம் 0–1. என் ஊர்ப்பக்கத்து அணியிடமே தோல்வி, கேட்கவா வேண்டும். ஆனால் கடைசி வரை ஓடினார்கள்! இரண்டாம் பாதியில் இரண்டு தடவை பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. வெறும் வயிறு இல்லை, அவல் வயிறுதான். தூக்குவாளியும் வரவில்லை. அக்கா சொன்ன சொல் காப்பாற்றினார்.

மைதானத்தின் ஓரம் வேப்ப மரத்தடியில் பந்திப்பாய். அண்டா வந்து இறங்கியது. விளையாட்டுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு பைக்குகளிடம் போய் நின்றுவிட்டார்கள். ஒருவரும் அசையவில்லை. அக்கா கரண்டியோடு என்னையே பார்க்கிறார்.

போய் உட்கார்ந்தேன். தனியாக, நீளப் பாயில், ஒரே ஓர் இலை. கேலரி மொத்தமும் இறங்கி நின்று வேடிக்கை பார்க்கிறது. முதல் வாய் எடுத்து வைத்தேன்.

ஒச்சப்பன் எதிரில் வந்து நின்றார். "தோத்துட்டு எப்படிம்மா சோறு எறங்குது?"

"பசிக்குதுங்க அண்ணா. நான் சும்மா நின்னேன், எனக்கே பசிக்குது. ஆட்டம் பூராவும் கத்துன உங்களுக்குப் பசிக்காதுங்களா? உக்காருங்க."

சிரித்தார் பாருங்கள், அதுவும் மார்க்கெட் வரை கேட்டிருக்கும். உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு, இடது பக்கம் ஏன் திறந்து கிடந்தது என்று சண்டை பிடித்தார். நான் பதில் சொல்ல, அவர் இலையில் ஓர் எலும்பை நகர்த்தி வைத்து, "இவன் இங்கன நிக்கணும்" என்றார். அது சரியான இடம்தான். ஆனால் ஒத்துக்கொள்ளாமல், அங்கே நின்றால் பின்னால் யார் என்று கேட்டேன். சுற்றி கேலரிக்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்துவிட்டார்கள், ஆளுக்கொரு யோசனை.

அணியில் பிரிட்டோ முதலில் வந்தான். அப்புறம் மில் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து ஆடுகிற எங்கள் விங்கர் விக்னேஷ்குமார். அப்புறம் எல்லோரும். தோற்ற அணிக்கு அவ்வளவு பெரிய பந்தி எந்த ஊரில் நடக்கும்?

அக்கா கடைசியில் அண்டாவைச் சாய்த்துக் காட்டினார். ஒரு பருக்கை இல்லை.

ஜூன் 23, திங்கள்

குழாயில் தண்ணீர் வருகிறது.

ஜூன் 29, ஞாயிறு

ஜெயித்தோம்! 3–1!

இதில் நான் திட்டமிட்டது பாதிதான். கடையிலிருந்து கொண்டுவந்தால் சோறு ஆறிவிடுகிறது என்று அக்கா அடுப்பையே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். வேப்ப மரத்தடியில் கல் கூட்டி, விறகு வைத்து, இடைவேளைக்குத் தம் போட்டார். இரண்டாம் பாதி தொடங்கி கொஞ்ச நேரத்தில் வாசனை மைதானத்துக்குள் நுழைந்துவிட்டது. எதிரணிக்காரர்கள் மூக்கைத் தூக்கித் தூக்கி அந்தப் பக்கமே பார்க்கிறார்கள். எங்கள் ஆட்களோ, சீக்கிரம் முடித்துவிட்டு உட்கார வேண்டும் என்று பேய் மாதிரி ஓடுகிறார்கள். மூன்று கோலும் இரண்டாம் பாதியில்.

இன்னொன்று. இத்தனை வருடம் சோறு போட்ட சைதூன் அக்கா ஓர் ஆட்டம்கூடப் பார்த்ததில்லையாம். மதியம் பந்தி முடிந்தால் பாத்திரம் கழுவவே பொழுது சரியாகிவிடும். இன்று கவிழ்த்துப் போட்ட சட்டியில் உட்கார்ந்து முதன்முறையாகப் பார்த்தார். "பந்து நம்மகிட்ட இருக்கும்போது ஏன்மா அந்த ஊதுறவரு நிறுத்துறாரு?" என்றார். ஆஃப்சைடைச் சொல்லிப் புரியவைக்க முயன்று தோற்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்னொரு வெற்றி. ஒச்சப்பன் இப்போது "ஏனுங்க!" என்று ஏலக் குரலில் தொடங்க, கேலரி முழுக்க "சொல்லுங்க!" என்று திருப்பிக் கத்துகிறது. மதுரைப் பேச்சு பேசுகிற ஊர் எனக்காகக் கொங்குத் தமிழில் கூவுகிறது. வெட்கமாகவும் இருக்கிறது, ரொம்பப் பிடித்தும் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

டிரா. அக்காவுக்கு ஆஃப்சைடு புரிந்துவிட்டது. லைன்ஸ்மேனின் பாடுதான் திண்டாட்டம்.

ஜூலை 27, ஞாயிறு

தோல்வி. இலை போட்டதும் எல்லோரும் தானாக வந்து உட்கார்ந்தார்கள். நான் கடைசியாகப் போனேன், எனக்கு இடமே இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

நாளை வடமதுரையுடன் கடைசி ஆட்டம். கணக்கு எளிது. ஜெயித்தால் லீக்கில் இருப்போம். டிரா ஆனாலும் கீழே இறங்குவோம், நானும் கிளம்ப வேண்டியதுதான்.

ஸ்டான்லி சார் வந்தார். கமிட்டி பேச்சில் மாற்றம் உண்டா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. டீ மட்டும் குடித்தோம். அம்மா போனில், "போனா போகுது, வந்துரு சாமி, உன்ர கட்டில அப்படியேதான் போட்டு வச்சிருக்கறேன்" என்றாள்.

எனக்குப் போக விருப்பம் இல்லை. இதை எழுதியே வைக்கிறேன். எனக்கு இந்த ஊர் வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

இடைவேளையில் 0–1. பிரிட்டோவின் கைக்கு அடியில் புகுந்த பந்து. பையன்கள் முகம் செத்துவிட்டது. என்னிடம் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. "செகண்ட் ஆப் யாருதுங்க?" என்றேன். "நம்முளுது மேடம்" என்றார்கள். அவ்வளவுதான், அனுப்பிவிட்டேன்.

சமன் செய்தது பிரிட்டோ நீளமாக உதைத்த பந்தில். அதற்குப் பிறகு வடமதுரை கோல் முன்னால் ஒரே புழுதி. விக்னேஷ்குமார் இடது பக்கம், ஒச்சப்பன் எலும்பு வைத்த அதே இடத்தில் நின்று பந்தை வாங்கி, ஒருவனைத் தாண்டி, இன்னொருவனைத் தாண்டி — வலை குலுங்கியது! 2–1! நான் ஓடினேன். எங்கே ஓடினேன் என்று தெரியவில்லை. ஸ்டான்லி சார் செருப்பு ஒன்று பறந்தது. ஒச்சப்பன் கத்திக் கத்திக் குரலே போய், வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

விசில் ஊதினதும்தான் கவனித்தேன், வழக்கமான வாசனை இல்லை. வேறு வாசனை.

சைதூன் அக்கா சட்டியிலிருந்து எழுந்து கோல் கம்பத்துப் பக்கம் கரண்டியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். அடுப்புப் பக்கம் ஆள் இல்லை. தம் போட்டதும் அடி நெருப்பை இழுத்துவிட வேண்டும், இழுக்கவே இல்லை. அண்டா அடிப்பிடித்துக் கருகிவிட்டது.

"யா அல்லா," என்று தலையில் கை வைத்தார். "எங் கையில இன்னைக்கு வரைக்கும் ஒரு அண்டா அடிப்பிடிச்சதில்ல புவனா. அந்தப் பய பந்த வாங்குனான் பாரு, அங்கிட்டு நிமுந்து பாத்தவதான். நெருப்பே மறந்து போச்சு!"

நாங்கள் எல்லோரும் அந்தக் கருகின பிரியாணியைத்தான் தின்றோம். வடமதுரைக்காரர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். தோற்றவர்கள் பட்டினியாகப் போகக் கூடாது என்று அக்காவின் உத்தரவு. அடிக் கருகலைச் சுரண்டி எனக்கென்று தனியாக வைத்தார். கசந்தது. இதைவிட ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் சலசலவென்று சத்தம். மழையோ என்று எழுந்தேன். மேல் தொட்டி நிரம்பி, மாடிப்படி வழியாகத் தண்ணீர் வாசலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டிப் பார்த்தால், மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்த சைதூன் அக்கா, கால் நனைய நின்று, குரலில்லாத ஒச்சப்பனிடம் அடுத்த சீசனுக்கு இடது பக்கம் யாரைப் போடுவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்.

என்னைப் பார்த்ததும், "புவனா, நீயே வந்து சொல்லு தாயி!" என்றார். இறங்கிப் போகிறேன்.