தட்டின் பின்புறம் இருந்த பெயர்

அண்ணா,

இன்று சைக்கிள் கடையில் டியூபுக்கு ஒட்டுப்போட்டபோது எழுந்த ரப்பர் வாசனையில் உன் நினைவு வந்துவிட்டது. ஸ்காட்லாந்திலிருந்து எழுதிய முதல் மடலில், நீ மாட்டிக்கொள்ளும் முக்குளிப்பு உடையும் இப்படித்தான் மணக்கும் என்றாய். "நம் ஊர் ரப்பராகக்கூட இருக்கலாம்." ரப்பர்கூட அங்கே போய்விட்டது, நான்தான் போகவில்லை என்று அன்று எனக்கு வயிறு எரிந்தது.

நம் ஊர் உஜோங் பாசிர் கடற்கரையில் நீ கழுத்தளவு நீரில் நிற்பாய். நான் கணுக்காலை நனைத்தாலே அப்பா, "பொம்பளப் பிள்ளைக்குக் கடல்ல என்ன வேலை?" என்பார். "நீ கரையில நின்னு அலையைப் படி, புத்தகப் புழு" என்று நீ சிரிப்பாய். கடலைப் பற்றி நூலகத்தில் இருந்ததை எல்லாம் படித்தவள் நான். ஆசிரியர் பயிற்சிக்கென்று போன நீயோ, முதுகில் காற்றுக்குப்பியைக் கட்டிக்கொண்டு, பெயர் தெரியாமல் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலுக்கு இறங்கினாய். பல் கிட்டும் குளிர், பச்சை இருட்டு, கப்பலின் வயிற்றுக்குள் மீன் கூட்டம் என்று பக்கம் பக்கமாக எழுதினாய்.

நாடு சுதந்திரம் பெற்ற மாதம் வந்த மடலில், அங்கே கிடைத்த பீங்கான் துண்டு ஒன்றை வரைந்திருந்தாய். "நங்கூரத்தைச் சுற்றி மூன்று நட்சத்திரம். நம் ஊர் காஜா பெராங் தெருவில் செட்டி வீட்டு அம்மாவிடம் இப்படி ஒரு தட்டு உண்டே? பின்புறம் என்ன எழுதியிருக்கிறது, பார்த்துச் சொல். கப்பல் யாருடையது என்று தெரிந்துவிடும்."

அந்தத் தட்டு முன்னோருக்குப் படைக்கும் நாளில்தான் அலமாரியைவிட்டு வெளியே வரும். மற்ற நாளில் கிட்டே போனாலே, "ஜாங்ஙான் பெகாங்", தொடாதே என்று மலாயில் அதட்டுவார் அந்த அம்மா. காத்திருந்தேன். படையல் முடிந்து, பாத்திரம் கழுவ உதவிக்கு நின்றபோது திருப்பிப் பார்த்தேன். ஒரு கப்பல் கம்பெனியின் பெயரும் அதன் ஊரும் தெளிவாக இருந்தன.

"பார்க்க முடியவில்லை" என்று உனக்கு எழுதினேன். கடல் உனக்குக் கிடைத்தது, பெயராவது எனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். நீ இரண்டு முறை மறுபடி கேட்டாய். அதற்குப் பிறகு வந்தது, நீ இறந்துவிட்டாய் என்ற தந்தி. நிமோனியாக் காய்ச்சல் என்றார்கள்.

உன்னோடு இறங்கிய நண்பர் போன வாரம் எழுதியிருந்தார். கப்பல் யாருடையது என்று இன்னும் தெரியவில்லையாம். "என் தங்கை கண்டுபிடித்துவிடுவாள்" என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லிக்கொண்டிருந்தாயாம்.

இன்று அந்தப் பெயரை அவருக்கு அனுப்பிவிட்டேன். கண்டுபிடித்தவர் என் அண்ணன் என்று எழுதினேன். எழுதும்போதும் பொறாமைப்பட்டேன், அண்ணா. நீ அந்தக் கப்பலைத் தொட்டிருக்கிறாய். எனக்குத் தட்டில் இருந்த பெயர் மட்டும்தான் தெரியும்.