கடைசி யன்னல்

இயேசு மரி சூசை துணை

ரண்டர்ஸ்,
டென்மார்க்,
4.5.1986

அன்பின் யசிந்தாவுக்கு,

நான் சுகம். நீர் வந்து சேரும்வரை அதுவும் அரைச் சுகம்தான். ரண்டர்சுக்கு வெளியே ஒரு கிராமத்தில் நம் இருவருக்கும் வீடு எடுத்துவிட்டேன். சின்ன வீடு, நாலு யன்னல். வீட்டுக்காரக் கிழவரின் காலமான மனைவி பிரெஞ்சுக்காரி. தன் ஊர் ஞாபகத்துக்கு ஒவ்வொரு யன்னலுக்கும் வெளியே மரக் கதவு செய்வித்தாவாம், பலகையில் இதய வடிவத் துளையோடு. அவவின் ஊர்ப் படத்தைக் கிழவர் காட்டினார். தெரு முழுக்கக் கல்வீடு. ஒன்றுக்குப் பச்சைக் கதவு, ஒன்றுக்கு வைன் சிவப்பு, ஒன்றுக்கு மங்கின நீலம். பார்க்க ஆசையாயிருந்தது. இந்தக் கிராமத்தில் வேறு வீட்டில் அப்படி இல்லை. எங்களுடையது வெளிறிப் போயிருக்கிறது, நான் பெயின்ற் அடிக்கப் போகிறேன். நிறத்தை நீர் சொல்லும்.

உம்முடைய
பேனாட்

---

மன்னார்,
1.6.1986

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் முழுக்க யன்னல், எனக்கு ஒரு வரி! சரி, மாதாவின் சேலை நீலம் அடியுங்கோ.

யன்னல் சாத்துவது என் வேலை என்பதை மறந்துவிட்டீர்களோ? பின்னேரம் ஆறுக்குக் கோயிலில் திருந்தாதி மணி அடித்ததும் மூன்றைச் சாத்துவேன். குசினி யன்னலை மட்டும் ஒரு சாண் திறந்துவிட்டு, அடுப்படியில் நின்று உங்களுக்குக் காத்திருப்பேன். வீட்டு ஆட்கள் எல்லாரும் உள்ளே வந்த பிறகுதான் கடைசி யன்னலைச் சாத்தவேண்டும் என்பது அம்மா சொல்லித் தந்தது. நீங்கள் போன நாளிலிருந்து இங்கே அது சாத்தாமலே கிடக்கிறது. இரவெல்லாம் நுளம்பு கடித்துப் பிய்க்கிறது.

விசா அலுவலாக ஆகஸ்ட் 11, திங்கள், கொழும்புக்கு பஸ் எடுக்கிறேன். றோட்டில் கண்ணிவெடி, துப்பாக்கிச் சூடு என்று கேள்விப்படுகிறேன். மன்றாடுங்கோ.

உங்கள்
யசிந்தா

---

ரண்டர்ஸ்,
6.7.1986

அன்பின் யசிந்தாவுக்கு,

நீலம் அடித்து முடித்தேன். அன்றிலிருந்து வேலையால் வரும்போதெல்லாம் மூன்று யன்னல் சாத்தியிருக்கிறது, குசினி யன்னல் ஒரு சாண் திறந்திருக்கிறது. கிழவரைக் கேட்டேன், அவர் இந்தப் பக்கமே வரவில்லையாம்.

நேற்றுச் சனிக்கிழமை வீட்டில் நின்று பார்த்தேன். பகல் இரண்டரை, நல்ல வெயில், காற்றில்லை. கதவுகள் ஒவ்வொன்றாக வந்து சாத்தின. ஒரு கையையும் காணவில்லை. பயந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. இரண்டரைக்கு அங்கே என்ன நேரம் என்று பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஆறு.

பேனாட்

---

மன்னார்,
27.7.1986

அன்புள்ள அத்தானுக்கு,

பைத்தியம் என்பீர்கள் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். திருந்தாதி மணி கேட்டதும் என் கை விறைக்கிறது. கண்ணை மூடினால் கைக்குக் கீழே நீலப் பலகை. இரண்டாம் கதவின் அடியில் பெயின்ற் வழிந்து காய்ந்திருக்கிறது, துடைக்காமல் விட்டுவிட்டீர்கள். துளையால் பார்த்தால் நீங்கள் நின்றபடி சாப்பிடுகிறீர்கள். இருக்க ஒரு கதிரை இல்லையோ? வாசலுக்கு வந்தால் பூட்டு. வெளியே ஒரே குளிர், அத்தான்.

பக்கத்து வீட்டு மேரிகிறேஸ் அக்கா நரம்புத் தளர்ச்சி என்று கொத்தமல்லி அவித்துத் தாறா. நீங்கள் வாசல் கதவைப் பூட்டாதேங்கோ.

யசிந்தா

---

ரண்டர்ஸ்,
17.8.1986

என் யசிந்தா,

பெயின்ற் வழிந்துதான் இருந்தது. உம்முடைய கடிதம் கிடைத்ததும் வாசல் கதவைப் பூட்டாமல் விட்டேன்.

நீர் பஸ் எடுத்த திங்கட்கிழமை நாலு மணிக்கு வந்தேன். மூன்று யன்னலும் சாத்தியிருந்தன. தள்ளினேன், அசையவில்லை. உள்ளே கொக்கி போட்டிருந்தது. அதுவரை ஒருநாளும் கொக்கி போட்டதில்லை. குசினி யன்னல் மட்டும் ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே போய் உம்முடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவரும் இல்லை. மேசையில் சாப்பாட்டுக் கோப்பை வைத்திருந்தது. கதிரை எனக்காக இழுத்து விட்டிருந்தது.

இருந்தேன். அப்போது குசினி யன்னல் மெல்லச் சாத்தி, கொக்கி விழுந்தது.

அதன்பிறகு ஒரு கதவும் தானாக அசையவில்லை. தந்தி இரண்டு அடித்தேன், பதில் இல்லை. கொழும்பில்தான் நிற்கிறீர் என்று ஒரு வரி எழுதும். பைத்தியக்காரன் என்று ஏசியாவது எழுதும்.

நான் இப்போது கதிரையில் இருந்துதான் சாப்பிடுகிறேன்.

உம்முடைய
பேனாட்