பொதுச்சுவர்

புதன்கிழமை, செல்லூர்

ரோட்டை அகலப்படுத்த சேவியர் அண்ணன் வீட்டை எடுத்துட்டாங்க. பக்கத்து வீடான எங்களது தப்பிச்சுச்சு. ஆனா ரெண்டுக்கும் ஒரே சுவர்தான். ஜேசிபி இடிச்சா எங்க பக்கமும் சேர்ந்தே விழுந்திருக்கும்.

இன்னைக்கு மெஷின் வர்றதுக்கு முன்னாலயே அண்ணன் கொத்தனாரைக் கூட்டி வந்து, சுவரை ஒட்டி இருந்ததையெல்லாம் கையாலயே பிரிக்க வச்சார்.

"இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்குண்ணே இம்புட்டு மெனக்கெடணும்?"

"நோட்டீஸ் எனக்குத்தானம்மா வந்துச்சு. உனக்கு வரலையே."

மத்தியானம் மெஷின் வந்து மிச்ச வீட்டை இடிச்சுட்டுப் போயிருச்சு. சாயங்காலம் அண்ணன் கொட்டாம்பட்டிக்கு மக வீட்டுக்குக் கிளம்பிட்டார். அங்க எம்புட்டு நாளைக்கோ.

சுவர் நிக்குது. அவங்க மாதா சொரூபம் வச்சிருந்த மாடம், மெழுகுவத்திக் கரியோட, இப்ப ரோட்டைப் பார்த்து இருக்கு. நாளைக்கே வெள்ளையடிச்சிரலாம்னார் என் வீட்டுக்காரர்.

மாடத்தை மட்டும் விட்டுருங்கன்னேன்.