கிழக்குப் பக்கம் சுவர் வேண்டாம்

என் அன்புத் தம்பி தேவா,

போன இடத்தில் நிம்மதியாக இருக்கிறாயா? இருக்க விடமாட்டேன். எனக்கு வருகிற ஆத்திரத்தை உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவது?

நீயும் நானும் திண்டிவனம் ஆபீசில் உட்கார்ந்து பிளான் வரைந்தோமே, நம் ஊர்க் கலையரங்கம், அதற்குக் கடைக்கால் தோண்டியாயிற்று. ஏரிக்கரைப் புங்க மரம் ஒன்றைக்கூட வெட்ட விடவில்லை, கூரையைத்தான் வளைத்துக்கொண்டோம். கூத்தோ கல்யாணமோ இல்லாத நாளில் தரையில் மல்லாட்டைக் கடலை காயப்போடலாம் என்றதும் ஊரே தலையாட்டியது. அதுவரைக்கும் நல்லபடியாகத்தான் போனது.

நேற்று கமிட்டிக் கூட்டம். தலைவர் என் சித்தப்பாதான். "ஏம்மா, விழுப்புரத்துல மண்டபம்லாம் ஏசி போட்டுக்கினு கெடக்குது, நம்மளுது மட்டும் தொறந்த கொட்டாயா? கிழக்கால செவுரு வச்சி, ஒரு கேட்டு போட்டு பூட்டிடு" என்றார்.

கிழக்கால என்ன இருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? உங்கள் காலனி.

"மரக்காணத்துக் கடல்காத்து அந்தப் பக்கந்தான் வரும் சித்தப்பா" என்றேன்.

"ஏசி போட்ட பின்னாடி காத்து எதுக்கும்மா?"

கூட்டமே சிரித்தது. நான் பிளானைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. "காலனி ஆளுங்க வந்து உக்காரத்தான் தொறந்து வைக்கிறோம்னு சொன்னா பிளானையே தூக்கிக் கடாசிடுவாங்கக்கா. காத்துன்னு சொல்லுங்க, யாரும் குறுக்க வரமாட்டாங்க" என்று கெட்டிக்காரத்தனம் பண்ணியது நீதானே? இப்போது பார், உன் காற்றை ஒரே மிஷின் முழுங்கிவிட்டது. கூத்தை ரோட்டோரம் நின்றே பார்த்து வளர்ந்தவன் நீ. கட்டி முடித்ததும் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்காருவேன் என்றாய். அதற்குள் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அப்படி என்னடா அவசரம் உனக்கு?

வெளியே வந்தால் உன் அம்மா நிற்கிறார்கள். "செவுரு வைக்கிறாங்களாமே, நெசமாம்மா? எம்புள்ள வரைஞ்சதாச்சே, உள்ள ஒருதரம் உக்காந்து பார்க்கலாம்னு இருந்தேன்" என்றார்கள். நான் முழித்ததைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, வெளிய நின்னுகினே பார்த்துக்கறேன்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். அந்தப் பரவால்லையை என்னால் தாங்க முடியவில்லை தேவா.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். இனிமேல் காற்று, வெக்கை, கரண்ட் பில் என்று எதுவும் பேசமாட்டேன். காலனி சனம் தலைநிமிர்ந்து உள்ளே வரத்தான் அந்தப் பக்கம் திறந்திருக்கிறது, அடைக்க வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லப் போகிறேன். ஜெயிப்பேனா, தெரியாது. அந்தச் சுவருக்கு மட்டும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

ஆபீசில் வாய் நிறைய அக்கா என்பாய்; ஊருக்குள் வந்தால் சித்தப்பாவுக்குப் பயந்து மேடம் என்பாய். இந்தக் கடிதத்தை அவர் எதிரிலேயே உரக்கப் படிக்கப் போகிறேன், கீழே இருக்கிற வரி வரைக்கும்.

உன் கூடப்பிறந்த அக்கா,
பரமேஸ்வரி