படுத்துக் கிடந்த முள்

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தனிக் கட்சி. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்கு இருமல் நின்றதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பதில் போடும்போது அதை முதல் வரியிலேயே எழுதிவிடு, இல்லாவிட்டால் மிச்சக் கடிதத்தைப் படிக்கவே என்னை விடமாட்டாள்.

கார் முடிந்துவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அவசரப்பட்டுவிட்டேன். ஷெட்டில் நானே கட்டிய கார் அது, சட்டம் இரும்பு, உடம்பு முழுக்க ஃபைபர், என்ஜின் ஒரு பழைய வண்டியில் இருந்தது. சாவியைத் திருப்பியதும் என்ஜின் அழகாகப் பிடித்துக்கொண்டது, ஆனால் எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. எண்ணெய் ஏறாமல் ஓடினால் என்ஜின் உள்ளே தேய்ந்தே போய்விடும், பதறிப்போய் அணைத்துவிட்டேன். மறுநாளும் அதே கதை. உன் மாமா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், ஆயில் பம்ப் போச்சு. என்ஜினைப் பிரிச்சீங்கன்னா இன்னும் ரெண்டு வருஷம் இந்த ஷெட்டுலதான் குடித்தனம். பேசாம எங்கிட்ட குடுங்க, உடைச்சு உதிரியா வித்துடறேன்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசிக்கிறேன் என்றால் சம்மதம் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வது அவர் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கயிறு கட்டி இழுத்துப் போவதாகச் சொல்லிவிட்டுப் போயேவிட்டார். அம்மாவும், "போகட்டும் விடுங்க, நீங்க மனுஷனா வீட்டுக்குள்ள உக்காந்து எவ்வளவு நாளாச்சு" என்றாள். எனக்கோ கொடுக்க மனசில்லை. பம்பை நானே தப்பாகப் பொருத்தியிருந்தால் என்ன செய்வது என்ற சந்தேகத்தில் தடுக்கவும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம், எப்படியும் உடைக்கப் போகிற வண்டிதானே, கடைசியாக ஒருமுறை சத்தத்தைக் கேட்டுவிடலாம் என்று என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். டீ கொண்டுவந்த அம்மா என்ஜின் பக்கம் கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு உள்ளே குனிந்து சூடு காட்டும் மீட்டரைப் பார்த்தாள். "இது அடுப்பு மாதிரி கொதிக்குது, இந்த முள்ளு என்னடான்னா குளிருதுன்னு போத்திக்கிட்டுப் படுத்திருக்கு. இது பொய் சொல்லுதுன்னா, பக்கத்துல இருக்கறது மட்டும் நெஜமா சொல்லப் போகுது?" என்றாள். டீயை அப்படியே வைத்துவிட்டேன். எண்ணெய் முள்ளைப் பார்த்த பயத்தில் மற்றதை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னால் கோளாறு என்ஜினில் இல்லை, சேதி வருகிற வழியில்தான்.

மீட்டரிலிருந்து என்ஜினில் இருக்கும் சென்சாருக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகும். அதில் போகிற மின்சாரம் சென்சாரின் உலோக உடம்பு வழியாக என்ஜின் இரும்பில் இறங்கி பேட்டரிக்குத் திரும்ப வேண்டும், அதைத்தான் எர்த் என்கிறோம். சென்சாரை என்ஜினிலேயே நேராகத் திருகிவிட்டால் அது தானாக நடந்துவிடும். உன் அப்பா என்ன செய்திருக்கிறேன் பார். அதிர்ச்சியில் எண்ணெய் சென்சார் ஒடிந்துவிடுமோ என்று பயந்து, ரப்பர் குழாய் வைத்து எண்ணெயை வெளியே கொண்டுவந்து, சென்சாரைத் தனியாக ஃபைபர் சுவரில் பொருத்தியிருக்கிறேன். ஃபைபரில் மின்சாரம் எப்படிப் போகும்? சூட்டு சென்சாரில் தண்ணீர் கசியுமோ என்று பயந்து, அதன் மரையில் குழாய்க்கு ஒட்டும் வெள்ளை டேப்பை உடைந்த கைக்குக் கட்டுப்போட்ட மாதிரி சுற்றி வைத்திருக்கிறேன். அது இரும்பைத் தொடவே இல்லை. வேறு யாராவது கட்டியிருந்தால் இவ்வளவு ஜாக்கிரதையாகக் கெடுத்திருக்க முடியாது.

ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை ஓடிக்கொண்டிருந்த என்ஜினில் கட்டினேன், மறுமுனையால் எண்ணெய் சென்சாரின் உடம்பைத் தொட்டேன். காருக்குள் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "எழுந்திரிச்சிடுச்சுங்க!" என்று கத்தினாள். ஒயரை எடுத்தேன், விழுந்தது. தொட்டேன், எழுந்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள மறுபடி மறுபடி செய்ததில், "போதும், பாவம், அதைத் தூங்கவும் விடாம எழுந்திரிக்கவும் விடாம படுத்தறீங்க" என்றாள். அன்று மாலையே என்ஜினில் ஒயர் தொடும் இடத்துப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து ஒயரை நட்டுப் போட்டு இறுக்கினேன், டேப்பைப் பிரித்து எறிந்துவிட்டு செம்பு வாஷர் வைத்துத் திருகினேன். ஒரு சொட்டு கசியவில்லை.

ஞாயிறு காலை உன் மாமா கயிற்றோடு வந்துவிட்டார். நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்குவதற்குள் அம்மா காருக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "கயிறை உன் வண்டியிலேயே வச்சுக்கடா. என்னைக்காவது நீ நடுரோட்டுல நின்னா நாங்க வந்து இழுக்கறோம்" என்றாள். அதற்கு மேல் நான் யோசிக்க என்ன இருக்கிறது, கேட்டைத் தாண்டி ஓட்டிவிட்டேன். சைக்கிளில் போன ஒருவர், தள்ளிவிடவா சார் என்று கேட்டார், அவ்வளவு வேகம். தெருவைச் சுற்றி வந்து நிறுத்தினால் அம்மா இறங்கவில்லை. "என்ன நிறுத்திட்டீங்க? இன்னொரு சுத்துப் போங்க" என்றாள்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க எங்கள் ஆசிகள். நீ வரும் ரயிலின் தேதியை முன்கூட்டியே எழுது. ஸ்டேஷனுக்கு இந்தக் காரில்தான் வருவோம், நான் ஓட்டுகிற வேகத்துக்கு முதல் நாளே கிளம்பினால்தான் சரிப்படும். மாமா போன் செய்து என்ன கோளாறு என்று உன்னிடம் கேட்டால், பெரிய கோளாறு என்று மட்டும் சொல்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா