லுணுகலை பஸ் போன பிறகு எழுந்த வீரன்

என் அருமைத் தம்பி செல்லையாவுக்கு,

நீ கழுத்தில் சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூவினாயே, அந்த ‘நெருப்புக் கழுகு’ படத்துக்கு இரண்டாம் பாகம் வந்துவிட்டது. வருகிற ஞாயிறு பதுளையில் நம் தியேட்டரில் போடுகிறோம். பெட்டி வந்து இறங்கியதும் உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு வருஷம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை.

கொழும்பில் முதல் நாள் பார்த்தவர்களின் பேச்சு முதலாளிக்கு டெலிபோனில் வந்தது. கழுகு வீரன் பறக்கும் காட்சியில் ஜனங்கள் நாற்காலி மேல் ஏறி நின்றார்களாம். சண்டை போன படத்தைவிடப் பெரிசாம், பாட்டுதான் கொஞ்சம் கூடிப்போச்சாம். முதலாளிக்குக் கால் தரையில் படவில்லை. “ஹமீது, எழுதி வச்சுக்க. தைப்பொங்கல் வரைக்கும் ஓடும்” என்கிறார். நோட்டீஸ் கட்டும் அச்சாகி வந்துவிட்டது. அதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை, மெஷின் அறையில் அப்படியே கிடக்கிறது.

இனி நான் சொல்லப்போவதில் பாதி உனக்கே தெரிந்ததுதான். ‘என்ன நானா, எனக்கே கதை சொல்றீங்களா’ என்று, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுச் சிரிக்காதே. இதைப் பேப்பரில் பார்த்துப் படிக்கிற மற்றவர்களுக்கும் நீ யார் என்று தெரிய வேண்டாமா?

நான் மேலே மெஷின் ஓட்டுகிறவன். நீ ஒலிபெருக்கி கட்டிய காரில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படத்தைச் சொல்கிறவன். பாதிக் கதையைச் சொல்லி, எல்லாரும் வாயைப் பிளந்து நிற்கும்போது ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று காரை எடுக்கச் சொல்லிவிடுவாய். முடிவைச் சொல்லவே மாட்டாய். பெஞ்சாதி கேட்டால்கூட உன் வாயிலிருந்து வராது. ஒருநாள் லெச்சுமி கோபித்துக்கொண்டு உனக்குச் சோறு போடவில்லை என்று நீயே சொல்லிச் சிரித்திருக்கிறாய்.

நம் ஊரில் ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பதைப் பேப்பர்காரர்கள் முடிவு செய்வதில்லை. ஞாயிறு பகல் காட்சி பார்த்த பெண்கள் திங்கட்கிழமை மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே சொல்லும் கதைதான் முடிவு செய்கிறது. அவர்கள் நல்ல வார்த்தை சொன்னால் அடுத்த ஞாயிறு பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. உதட்டைப் பிதுக்கினால் போச்சு.

போன வருஷம் அந்த முதல் படத்தை நம் தியேட்டருக்கு எடுத்தபோது ஊரே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். தியேட்டரில் பாதி நாற்காலிகள் காலி. “இந்தப் படமும் விழுந்தா கட்டடத்த அரிசி ஸ்டோருக்குக் கொடுத்துருவேன்” என்று முதலாளி நம் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். எனக்கு டவுனில் சாச்சாவின் துணிக்கடை இருக்கிறது, ஒரு மூலையில் உட்கார்ந்து துணியாவது அளந்திருப்பேன். உனக்கு? சினிமா வேலைக்கு வந்த அன்றே தோட்டத்தில் உன் பெயரை வெட்டிவிட்டார்கள். தோட்டத்து லயத்தில் லெச்சுமி பெயரில் இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவில்தான் நீ ஒட்டிக்கொண்டிருந்தாய்.

“தோட்டத்துல பேரு இல்ல. டவுன்லயும் இல்லன்னா நான் எங்க நானா போறது?” என்று கேட்டாய். நான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டேன்.

அடுத்த நாளே லெச்சுமியின் கூறைச் சேலையோடு வந்து நின்றாய். படத்தில் வீரனுக்குச் சிவப்பு அங்கி, உனக்கு அந்தச் சேலை. கழுத்தில் முடிந்துகொண்டு கார் கூரையில் ஏறி, இரண்டு கையையும் விரித்து, பசறை ரோடு முழுக்க நீ நின்றபடியே போனதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒரு வாரம் தொண்டை கட்டும்வரை கூவினாய்.

அந்த ஞாயிறு லுணுகலைப் பக்கத்து ஜனங்கள் பகல் பன்னிரண்டுக்கே வந்துவிட்டார்கள். அத்தனை பேரும் உன் ஆட்கள். வெற்றிலையும் கையுமாக, குடையை மடக்கிக்கொண்டு, கீழே எல்லா பெஞ்சும் நிரம்பிவிட்டது. இரண்டு மணிக்குப் படம் தொடங்க வேண்டும்.

நம் தியேட்டரில் ஒரு வழக்கம் இருந்தது. பகல் காட்சிக்குத் தெமோதரைப் பக்கத்து ஆட்கள் ரயிலில் வருவார்கள். ரயில் வந்து, ஜனம் நடந்து வந்து சேர்ந்த பிறகுதான் மெஷினைப் போடுவோம். பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆகும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு மழையில் தண்டவாளத்தில் மண் சரிந்து ரயில் நேரத்துக்கு வரவில்லை.

இரண்டே காலுக்கு மேலே ஏறி வந்து கதவைத் தட்டினாய். “நானா, போட்டுருங்க. பெரிய படம் இது. லுணுகலை பஸ் அஞ்சரைக்குப் போயிரும். அதுக்கு மேல பஸ் இல்ல” என்றாய். கதவைத் திறக்காமலே, “ரீல் அறுந்து போச்சு தம்பி, ஒட்டிக்கிட்டு இருக்கேன்” என்றேன்.

செல்லையா, ரீல் அறவில்லை.

இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது. ரீல் மெஷினில் மாட்டித் தயாராக இருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து ரயில் கூவும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். தெமோதரை ஜனமும் சேர்ந்தால் மேல்மாடியும் நிரம்பும், முதலாளி வாய் அடையும், நம் இரண்டு பேர் பிழைப்பும் நிலைக்கும் என்று கணக்குப் போட்டேன். உன்னிடம் உண்மையைச் சொன்னால் நீ விடமாட்டாய், சண்டை பிடிப்பாய். அதனால் பொய் சொன்னேன். நல்லதற்குத்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். அல்லாஹ் அறிவான்.

மூன்று மணியாகப் போகும்போது ரயில் வந்தது. அதில் படத்துக்கு இறங்கியவர்கள் ஏழெட்டுப் பேர். மழைக்குப் பயந்து மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மெஷினைப் போட்டேன்.

பிறகு நடந்ததை நீ வாசலில் நின்று பார்த்தாய், நான் மேலே ஓட்டை வழியாகப் பார்த்தேன். ஐந்து மணி தாண்டியது. திரையில் வீரன் கோட்டைச் சுவரிலிருந்து விழுந்து, கண்மூடி, சிவப்பு அங்கி சேற்றில் கிடக்கிறது. தாய்க்காரி மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். சரியாக அந்த நேரத்தில் பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. லுணுகலை ஜனம் முழுவதும் எழுந்துவிட்டது.

“இருங்க, இன்னும் படம் இருக்கு!” என்று நீ கெஞ்சியது மேலேவரை கேட்டது. “பஸ்ஸ விட்டா நாளைக்கு விடியப் பேரு கூப்பிடுற பெரட்டுக்கு எப்படிப்பா போறது? பேரு போட மாட்டாங்க” என்று யாரோ சொன்னார்கள். அப்போதும் நீ முடிவைச் சொல்லவில்லை. ‘எந்திரிச்சிருவான்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் கொள்கை விடவில்லை. பஸ் போய்க் கால் மணி கழித்து வீரன் எழுந்து பறந்தான். பார்க்க ஏழெட்டுப் பேரும் டவுன் ஆட்கள் சிலரும் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை லுணுகலை பஸ் கொண்டக்டர் சேதி கொண்டுவந்தார். மலையெல்லாம் ஒரே பேச்சாம், ‘அவன் செத்துப் போயிட்டானாம்’. ஒரு பெண் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்: “சாகிறவனப் பாக்க பதுளைக்கு எதுக்குப் போகணும்? நம்ம லயத்துல பாக்காத சாவா?” அந்தப் பஞ்ச வருஷம் லயங்களில் எத்தனை பாடை போனது என்று எனக்கும் தெரியும். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

முதலாளி மறுபடி கார் தரமாட்டேன் என்றார். நீ தகரக் குழலை எடுத்துக்கொண்டு, சேலையைக் கழுத்தில் முடிந்துகொண்டு கிளம்பினாய். “நடந்தே போறேன் நானா. விடியக்கால பெரட்டுக்களத்துல எல்லாரும் நிப்பாங்க, அங்க சொல்றேன். இந்த ஒரு தடவ முடிவச் சொல்லிர்றேன்” என்றாய். உன் முகத்தைப் பார்த்து அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். “போயிட்டு வா தம்பி” என்றுதான் சொன்னேன்.

புதனும் வியாழனும் மழை விடவில்லை. நீ ஒவ்வொரு டிவிஷனாகப் போய், பெரட்டில் நனைந்துகொண்டு நிற்கிறவர்களிடம் குழலைப் பிடித்து, “அவன் சாகலீங்க! எந்திரிச்சு வர்றான்! நான் சொல்றேன், எந்திரிச்சு வர்றான்!” என்று கத்தினாயாம். கங்காணி ஒருவர் விரட்டினாராம். பெண்கள் சிரித்தார்களாம். வியாழன் பகல் மேல் டிவிஷனிலிருந்து இறங்கும்போது, “ஆத்துல தண்ணி ஏறிக் கெடக்கு, வண்டி ரோட்டால சுத்திப் போங்கண்ணே” என்று சொல்லியிருக்கிறார்கள். “கீழ கொழுந்து நிறுக்கிற நேரம், எல்லாரும் ஒண்ணா இருப்பாங்க. அதுக்குள்ள போயிரணும்” என்று குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டாயாம்.

வெள்ளிக்கிழமை காலை கொழுந்தெடுக்கப் போன பெண்கள்தான் பார்த்தார்கள். கீழே பாறை இடுக்கில் சிவப்பாக ஏதோ அசைகிறது என்று இறங்கிப் போனார்களாம். கூறைச் சேலை பாறையில் சுற்றிக்கொண்டதால்தான் உன் உடம்பாவது கிடைத்தது. இல்லாவிட்டால் அதுவும் ஆற்றோடு போயிருக்கும்.

சனிக்கிழமை தப்பு அடித்து உன்னை எடுத்தார்கள். நானும் ஒரு தோள் கொடுத்தேன். ஞாயிறு படம் போட வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

ஜனம் வந்தது தம்பி. லுணுகலையிலிருந்து வந்தது. முந்தின வாரத்தைவிட அதிகமாக வந்தது. ஏன் வந்தீர்கள் என்று வாசலில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். “செல்லையாண்ணன் உசிர விட்டுல்ல சொல்லிட்டுப் போயிருக்கு. அது நெசமான்னு பாக்க வந்தோம்” என்றாள். சரியாக இரண்டு மணிக்கு மெஷினைப் போட்டேன். வீரன் விழுந்தான், தாய்க்காரி அழுதாள், யாரும் எழுந்து போகவில்லை. பிறகு அவன் கண் திறந்து எழுந்தான். கொழும்பில் விசிலடித்துக் காசு வீசிய இடம் அது. நம் தியேட்டரில் ஒரு கைதட்டல் இல்லை. மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. அதற்கு நடுவில் யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள், பிறகு இன்னொருத்தி.

படம் ஓடியது. நீ ஆசைப்பட்டதைவிட அதிகமாகவே ஓடியது. முதலாளி அரிசி ஸ்டோர் பேச்சை எடுப்பதே இல்லை. என் வேலை நிலைத்துவிட்டது, உறுதியாக. சாப்பிடுகிற ஒவ்வொரு பிடியிலும் எனக்கு இது ஞாபகம் வருகிறது என்று சொன்னால் நம்புவாயா? அன்றிலிருந்து நான் ரயிலுக்குக் காத்திருப்பதில்லை. முதலாளி கத்துகிறார், கத்தட்டும்.

லெச்சுமி நன்றாக இருக்கிறாள் என்று பொய் சொல்லமாட்டேன். வேலைக்குப் போகிறாள், மெலிந்துவிட்டாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். வெறும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். “அன்னைக்கு மட்டும் அந்த ரீலு அறுந்து போகாம இருந்திருந்தா, என்ன நானா?” என்றாள். நீதான் அவளிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாய், நான் உனக்குச் சொன்ன பொய்யை.

“ஆமா தங்கச்சி” என்றேன். உன் வீட்டில், உன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, இரண்டாவது தடவையும் அதே பொய். ரீல்மேல் பழியைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அவளும் ரீலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு எழுத்து தெரியாது. இந்தக் கடிதத்தை யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் நான் போய்விட வேண்டும். வருகிற சனிக்கிழமை, படம் வெளியாவதற்கு முந்தின நாள், அதே லுணுகலை பஸ்ஸில் ஏறுகிறேன். அவள் முன்னால் நின்று, “ரீல் அறுந்து போகல தங்கச்சி, நான்தான் கதவச் சாத்திக்கிட்டு ரயிலுக்குக் காத்திருந்தேன்” என்று என் வாயால் சொல்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவள் என்னை அடிக்கட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், அங்கேயே நிற்பேன்.

கடிதத்தை முடிக்கும் இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் இவ்வளவு நேரம் யோசித்தேன். நீ என்னைக் கடைசியாக நானா என்று கூப்பிட்டதும் அந்த ரீல் அறுந்தது என்று நம்பிக்கொண்டுதான். அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். சனிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பெயர் எனக்கு இருக்குமா என்று தெரியாது. இருக்கிறபோதே ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை வரைக்குமாவது,
உன் நானா,
ஹமீது